மேலே யார் இருக்கிறார்கள்? மலை ஓடைத் தண்ணீரைக் குடிக்கத் தகுந்ததாக்கும் வழிகள்

குடகில் கக்கபே பக்கம், தடியாண்டமோல் மலைக்குப் போகும் வழி. காப்பித் தோட்டத்தை ஒட்டி ஓடிய ஒரு ஓடையில் பாட்டிலை முக்கக் குனிந்தேன். நாங்கள் தமிழில் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு பழம் பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

"தம்பி, அதை எடுக்காதீங்க. மேல லைன் வீடு இருக்கு. அதுக்கும் மேல பழம் கழுவுற தொட்டி. நாங்களே அதுல காலு மட்டும்தான் கழுவுவோம்."

"அப்போ நீங்க குடிக்கிறதுக்கு எங்கக்கா எடுப்பீங்க?"

"எங்களுக்கு பைப்புல வரும். வரலைன்னா அந்தப் பாறை இடுக்குல ஊறுது பாருங்க, அங்க."

லைன் வீடு என்பது எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் வீடுகள். அவர் சொன்ன பிறகுதான் ஓடையைச் சரியாகப் பார்த்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. ஆனால் கூழாங்கற்களின் மேல் பழுப்பாக ஒரு வழவழப்பு படிந்திருந்தது. கல்லிடுக்கில் நுரை ஒதுங்கியிருந்தது. முகத்தைக் கிட்டக் கொண்டுபோனால் புளித்த மாவு வாடை. காப்பிப் பழத்தின் தோலை நீக்கிக் கழுவிய தண்ணீர் கலந்தால் இப்படித்தான் இருக்கும். அரபிகா பழம் பறிக்கும் காலம் ஏறக்குறைய நவம்பர் முதல் ஜனவரி வரை. பெங்களூரிலிருந்து நாமெல்லாம் கூட்டம் கூட்டமாக மலையேறப் போவதும் அதே மாதங்களில்தான்.

எந்த ஃபில்டர் வாங்கலாம், எந்த மாத்திரை நல்லது என்று என்னைக் கேட்கிறவர்கள் நிறைய. அந்த அக்கா கேட்க வைத்த கேள்விதான் எனக்கு முதலில் வருகிறது: இந்தத் தண்ணீருக்கு மேலே யார் இருக்கிறார்கள்? அதற்குப் பதில் தெரிந்தால் எந்த முறை வேண்டும் என்பது பாதி முடிவான மாதிரி.

முதலில்: ஓடையை நம்பித்தான் ஆக வேண்டுமா?

பெங்களூரைச் சுற்றியுள்ள பாறை மலைகளுக்கு, அதாவது சாவனதுர்கா, ராமநகரம், ஸ்கந்தகிரி மாதிரி ஒரு நாள் நடைகளுக்கு, என் பதில் ஒன்றுதான்: வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். அங்கே வழியில் நம்பத் தகுந்த தண்ணீர் கிடையாது. பாறைக் குழிகளில் தேங்கியிருக்கும் மழைநீரில் குரங்கு, ஆடு, மனிதர் எல்லாரும் கை வைத்திருப்பார்கள். ஒரு மணி நேர நடைக்கு அரை லிட்டர் என்று கணக்கு வைத்து, வெயில் நாளாக இருந்தால் மேலே ஒரு லிட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று லிட்டர் என்பது மூன்று கிலோ. பாரம்தான், ஆனால் குடிக்கக் குடிக்கக் குறைகிற பாரம்.

கோலார், சிக்கபள்ளாப்பூர் பக்கம் இன்னொரு காரணமும் உண்டு. அங்கே பல ஊர்களின் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். அதைக் கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் ஆவியாகிப்போய் ஃப்ளோரைடு மட்டும் இன்னும் செறிவாகும். நாம் மலைக்கு எடுத்துப்போகும் சின்ன ஃபில்டரும் குளோரின் மாத்திரையும் அதைத் தொடக்கூட முடியாது. ஒரு நாள் குடித்தால் ஒன்றும் ஆகிவிடாது என்பது உண்மைதான். என்றாலும் கிராமத்தில் கேட்டு, அவர்கள் குடிக்கத் தனியாக வாங்கி வைத்திருக்கும் சுத்திகரித்த தண்ணீரில் நிரப்பிக்கொள்வது மேல். கோலார் அந்தரகங்கையில் நந்தியின் வாயிலிருந்து விழும் ஊற்றைப் பக்தியோடு குடிப்பவர்கள் உண்டு. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஒரு மிடறு தீர்த்தமாகக் குடிப்பது வேறு, இரண்டு லிட்டர் பாட்டிலை நிரப்புவது வேறு. நிரப்பினால் எந்த ஊற்று நீரையும் போலவே அதையும் சுத்தம் செய்துதான் குடிப்பேன்.

இரவு தங்கும் நடை, மேற்குத் தொடர்ச்சி மலையின் நீண்ட ஏற்றங்கள், இமயமலை: இவற்றில்தான் ஓடை நீர் தவிர்க்க முடியாததாகிறது. குமார பர்வதம் 1,712 மீட்டர். குக்கே சுப்ரமண்யாவிலிருந்து ஏறினால் நடுவழியில் பட்டர மனை, அப்புறம் கல்லு மண்டபம், அதற்கு மேல் வெட்ட வெயிலில் புல்வெளி. கல்லு மண்டபத்தைத் தாண்டினால் தண்ணீர் கிடையாது என்றே கணக்குப் போட்டு அங்கே நிரப்புங்கள்.

தண்ணீரில் இருக்கும் எதிரி எவ்வளவு பெரியவன்?

அளவு தெரிந்தால் மற்றது சுலபம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான்.

ஒற்றைச் செல் ஒட்டுண்ணிகளில் ஜியார்டியா சுமார் 10 மைக்ரான், கிரிப்டோஸ்போரிடியம் 4 முதல் 6 வரை. காலரா, டைஃபாய்டு, சீதபேதி தரும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அரை மைக்ரானிலிருந்து சில மைக்ரான் வரை. வைரஸ்கள் இவற்றோடு ஒப்பிட்டால் தூசு: மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் ஈ எல்லாம் 0.03 மைக்ரான் அளவுதான். எலிக்காய்ச்சல் தரும் லெப்டோஸ்பைரா ஒரு தனி ரகம். பாக்டீரியாதான், ஆனால் உடம்பு ஊசி நூல் மாதிரி மெலிசு, 0.1 மைக்ரான் தடிமன். 0.2 மைக்ரான் ஃபில்டரில் நெளிந்து போய்விடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவிலும் கடலோரத்திலும் மழைக்காலத்தில் இது சாதாரணமாக வரும் நோய்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து நம்மவர்கள் ஏமாறுவது இங்கேதான். மேலே ஊரே இல்லாத வட அமெரிக்கக் காடுகளில் ஃபில்டர் மட்டும் போதும் என்பார்கள். மனிதர்களைத் தாக்கும் வைரஸ் மனிதக் கழிவிலிருந்துதான் பெரும்பாலும் வரும், அங்கே மேலே மனிதர் இல்லை, அதனால் அவர்கள் சொல்வது அவர்களுக்குச் சரி. நம் மலைகளில் லைன் வீடுகள், கோயில்கள், மாடு மேய்ப்பவர்கள், முந்தைய நாள் முகாம் போட்ட முப்பது பேர் என்று மேலே எப்போதும் யாராவது இருக்கிறார்கள்.

வைரஸ் என்ன செய்யும் என்பதற்கு டெல்லிக்கு நடந்ததே போதும். 1955 கடைசியில் யமுனையில் குடிநீர் எடுக்கும் இடத்தில் சாக்கடை கலந்தது. நீரேற்று நிலையத்தில் குளோரினைக் கூட்டித்தான் போட்டார்கள். டைஃபாய்டும் சீதபேதியும் கூடவில்லை. ஆனால் அடுத்த சில வாரங்களில் சுமார் 29,000 பேருக்கு மஞ்சள் காமாலை. அது ஹெபடைடிஸ் ஈ என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் உறுதியானது. கலங்கிய, அழுக்கு நிறைந்த தண்ணீரில் குளோரின் அந்த அழுக்கோடு சண்டை போட்டே தீர்ந்துவிடும். நம் பாட்டிலுக்குள்ளும் அதே கதைதான். தெளிய வைக்காமல் மாத்திரை போடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

எங்கே எடுப்பது

ஐந்து நிமிடம் கூடுதலாக நடந்து நல்ல இடத்தில் எடுப்பது, கெட்ட தண்ணீரை நல்ல கருவியில் சுத்தம் செய்வதைவிடப் பாதுகாப்பானது. பாறையிலிருந்து கசிந்து வரும் ஊற்றுக்கு முதலிடம். அடுத்து, மேலே வீடும் தோட்டமும் பாதையும் இல்லாத ஓடை. முடிந்தால் பாதை ஓடையைக் கடக்கும் இடத்திலிருந்து மேலேறி எடுங்கள், எல்லாரும் கால் கழுவுவது அந்தக் கடவில்தான்.

கேட்க வெட்கப்படாதீர்கள். எஸ்டேட்டில் வேலை செய்பவர்களில் தமிழர்கள் நிறைய. "அக்கா, மேல என்ன இருக்கு?" என்ற ஒரு கேள்விக்கு எந்த மேப்பும் தராத பதில் கிடைக்கும். காப்பித் தோட்டங்களில் மழைக்கு முன் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையை அடிப்பார்கள். உரம், பூச்சிமருந்து தனி. இவை எதுவும் கொதிக்க வைத்தால் போகாது, குளோரினில் போகாது, நாம் எடுத்துப்போகும் சின்ன ஃபில்டரிலும் போகாது. கரித்தூள் இருக்கும் ஃபில்டர் கொஞ்சம் பூச்சிமருந்தைப் பிடிக்கும், அதை நம்பிக் குடிக்க முடியாது. தோட்டத்துக்குக் கீழே ஓடும் தண்ணீரை எடுக்காமல் இருப்பது ஒன்றுதான் வழி.

கோடைக்குப் பின் பெய்யும் முதல் மழைக்கும், பெருமழைக்கும் அடுத்த நாள் தண்ணீரை நம்பாதீர்கள். மலைச்சரிவில் கிடந்த சாணமும் கழிவும் மொத்தமாக ஓடைக்கு வந்திருக்கும்.

தெளிய வைப்பது

நம் வீட்டுப் பெரியவர்கள் பானையின் உள்பக்கம் தேற்றான் கொட்டையை உரசிக் கலங்கல் நீரைத் தெளிய வைத்தார்கள். படிகாரத்தைச் சுற்றி எடுப்பதும் அதே வேலைதான். மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனமாகி அடியில் படியும். தெளிந்த நீர் சுத்தமான நீர் ஆகிவிடாது, ஆனால் கொதிக்க வைப்பதைத் தவிர அடுத்து செய்யப்போகும் எல்லாமே அதில்தான் ஒழுங்காக வேலை செய்யும். நடையில் அவ்வளவு நேரம் இல்லை என்றால் ஒரு பாத்திரத்தில் அரை மணி நேரம் அசையாமல் வைத்து மேல் நீரை இறுத்தாலே போதும்.

அப்புறம் துணி. வங்கதேசத்தில் ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் குழு ஓர் ஆய்வு செய்தது. பழைய சேலையை எட்டு அடுக்காக மடித்து, குடத்தின் வாயில் கட்டித் தண்ணீர் மொண்ட கிராமங்களில் காலரா 48 சதவீதம் குறைந்தது. முடிவுகள் 2003இல் வெளியாயின. காலரா கிருமி ஒட்டிக்கொண்டிருக்கும் நுண்ணிய நீர்ப்பூச்சிகளைச் சேலை பிடித்துவிடுகிறது. துவைத்துத் துவைத்து நைந்த சேலைதான் புதுச் சேலையைவிட நன்றாக வடிகட்டியது, நூல் பிரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்வதால். என் பையில் அம்மாவின் பழைய சுங்குடிச் சேலையில் கிழித்த ஒரு கைக்குட்டை அளவுத் துண்டு எப்போதும் இருக்கும். மண்ணையும் இலையையும் பிடிக்கும். குட்டி அட்டைப்பூச்சிகளையும் பிடிக்கும். ஓடை நீரை அப்படியே வாய் வைத்துக் குடித்து மூக்குக்குள் அட்டை போய் ஒட்டிக்கொள்வது கட்டுக்கதை இல்லை, மருத்துவமனைகளுக்கு வரும் விஷயம்.

கொதிக்க வைப்பது

சந்தேகமே இல்லாத முறை. ஒட்டுண்ணி, பாக்டீரியா, வைரஸ் மூன்றும் சாகும். கலங்கல் நீரிலும் வேலை செய்யும். எவ்வளவு நேரம் என்பதில்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், இருபது நிமிடம் என்பவர்கள்கூட உண்டு. தேவையில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்லும் கணக்கு: தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம், 6,500 அடிக்கு மேல் மூன்று நிமிடம். பாத்திரத்தின் ஓரத்தில் முத்து முத்தாக வரும் குமிழி கொதி ஆகாது. கரண்டி விட்டுக் கலக்கினாலும் அடங்காமல் பொங்க வேண்டும், அதுதான் கணக்கு.

உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். சென்னையில் 100 டிகிரி என்றால் பெங்களூரில் 97. குமார பர்வத உச்சியில் 94 இருக்கும். இமயமலையில் 4,000 மீட்டரில் 87 சுற்றி. அந்தச் சூடும் கிருமிகளைக் கொல்லப் போதும், கொஞ்சம் கூடுதல் நேரம் கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

சிக்கல் எரிபொருள். 230 கிராம் கேஸ் கேனில், காற்றில்லாத இடத்தில் மூடி போட்டுக் காய்ச்சினால் ஏறக்குறைய 15 லிட்டர் கொதிக்க வைக்கலாம். இரண்டு பேருக்கு இரண்டு நாள் குடிநீருக்கே சரியாகிவிடும், சமையலுக்கு மிச்சம் இருக்காது. கர்நாடகக் காடுகளில் பல இடங்களில் தீ மூட்டவே அனுமதி இல்லை, கோடையில் ஒரு பொறி போதும் புல்வெளியே எரிய. கேஸ் கேனை விமானத்திலும் ரயிலிலும் கொண்டுபோகக் கூடாது, இமயமலைக்கு என்றால் டேராடூன் போய் இறங்கி அங்கேதான் வாங்க வேண்டும். அதனால் கொதிக்க வைப்பது முகாமில், இரவுச் சமையலோடு சேர்த்துச் செய்யும் வேலை. இரவே காய்ச்சி மூடி வைத்தால் காலைக்குள் ஆறியிருக்கும். குளிர் மலையில் அதே சூடான பாட்டிலைத் துணி சுற்றி ஸ்லீப்பிங் பேக்குக்குள் காலடியில் வைத்துக்கொள்ளலாம்.

ஃபில்டர்

நடக்கிறவர்களிடம் இப்போது பரவலாக இருப்பது நுண்குழல் ஃபில்டர். சேமியாக் கட்டு மாதிரி நூற்றுக்கணக்கான மெல்லிய குழல்கள். அவற்றின் சுவரில் 0.1 அல்லது 0.2 மைக்ரான் துளைகள். சாயர், லைஃப்ஸ்ட்ரா எல்லாம் இந்த வகை. வாங்கும்போது துளை அளவைப் பாருங்கள். வெறும் "99.9 சதவீதம்" என்ற விளம்பரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒட்டுண்ணியையும் பாக்டீரியாவையும் நன்றாகவே தடுக்கும். வைரஸ் தாராளமாகக் கடந்து போகும்.

இதைப் பழுதாக்குபவை மூன்று. ஒன்று, சேறு. ஒவ்வொரு நாளும் சிரிஞ்சில் நல்ல தண்ணீரை எடுத்து வெளியேறும் பக்கத்திலிருந்து திருப்பி அடித்துக் கழுவ வேண்டும். இரண்டு, கீழே போடுவது. மூன்று, உறைபனி. ஒருமுறை நனைந்த ஃபில்டருக்குள் தண்ணீர் உறைந்தால் குழல்கள் வெடித்துவிடும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, தண்ணீர் முன்பைவிட வேகமாகக்கூட வரும். குளிர்காலத்தில் இமயமலையின் கேதார்கந்தா சிகரத்துக்குப் போகிறவர்கள் இரவில் ஃபில்டரைக் கவரில் போட்டு உடம்போடு வைத்துக்கொண்டு தூங்குங்கள். உறைந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தாலே தூக்கிப் போடுங்கள்.

இன்னொன்று, சின்ன விஷயம்தான், ஆனால் இதில் தவறாதவர்களை நான் பார்த்ததில்லை. ஃபில்டர் வழியாகப் பிழியும் அழுக்குத் தண்ணீர்ப் பை ஒன்று, நல்ல தண்ணீர் பாட்டில் ஒன்று என்று தனித்தனியாக வைத்து, அழுக்குப் பையில் சிவப்பு டேப் ஒட்டுங்கள். மூடிகள் மாறக் கூடாது. ஓடையில் முக்கிய கையாலேயே நல்ல பாட்டிலின் வாயைத் துடைத்தால் அவ்வளவு நேரம் பிழிந்ததும் வீண்.

வைரஸையும் பிடிக்கும், அழுத்தி வடிகட்டும் பாட்டில்களும் உண்டு. காபி பிரஸ் மாதிரி மேலிருந்து அமுக்க வேண்டும். விலை கூடுதல், கனம் கூடுதல், உள்ளிருக்கும் கார்ட்ரிட்ஜையும் மாற்ற வேண்டும். அடிக்கடி போகிற ஒருவருக்கு வசதிதான்.

குளோரின் மாத்திரை

2015 வெள்ளத்தின்போது சென்னையில் வீடு வீடாகக் கொடுத்தது நினைவிருக்கலாம். மிக இலேசு, மிக மலிவு. பாக்டீரியாவையும் வைரஸையும் கொல்லும். ஜியார்டியாவுக்கு நேரம் அதிகம் வேண்டும். கிரிப்டோஸ்போரிடியத்தைக் குளோரின் ஒன்றும் செய்யாது, அதற்கு ஓடு அவ்வளவு கெட்டி.

அட்டையில் எத்தனை லிட்டருக்கு ஒரு மாத்திரை என்று பார்த்து வாங்குங்கள். ஒரு லிட்டருக்கானதும் உண்டு, 20 லிட்டருக்கானதும் உண்டு, இரண்டும் பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி. காலாவதித் தேதியையும் பாருங்கள். செய்முறை: தெளிந்த நீரில் மாத்திரையைப் போட்டு மூடிக் குலுக்குங்கள். கரைந்ததும் மூடியைக் கொஞ்சம் தளர்த்தி, பாட்டிலைச் சாய்த்து, மரையில் இருக்கும் பச்சைத் தண்ணீர் வெளியேறும்படி சில சொட்டு வழிய விட்டு மறுபடி இறுக்குங்கள். அரை மணி நேரம் பொறுங்கள். கையே மரத்துப்போகும் குளிர்ந்த நீர் என்றால் ஒரு மணி நேரம். நேரம் முடிந்து திறக்கும்போது மெலிதாகக் குளோரின் வாடை வர வேண்டும். வரவில்லை என்றால் அழுக்கு அதைத் தின்றுவிட்டது. மறுபடி ஒரு மாத்திரை, மறுபடி அரை மணி நேரம்.

வாடை பிடிக்காத குழந்தைகளுக்கு, நேரம் முடிந்த பிறகு ஒரு சிட்டிகை வைட்டமின் சி தூள் போட்டால் வாடை போய்விடும். முன்னாலேயே போட்டால் குளோரினே செத்துவிடும். எலுமிச்சை பிழிவதும் நேரம் முடிந்த பிறகுதான்.

மாத்திரை கிடைக்காத இடத்தில் வாசனையும் சோப்பும் சேராத 5 சதவீத வீட்டு ப்ளீச் திரவம் லிட்டருக்கு 2 சொட்டு. குளோரின் டை ஆக்சைடு மாத்திரை வேறு பொருள். அது கிரிப்டோவையும் கொல்லும், ஆனால் நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும், இங்கே கடைகளில் எளிதில் கிடைப்பதும் இல்லை.

மற்ற வழிகள்

அயோடின் பழைய முறை. தைராய்டு உள்ளவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆகாது, கிரிப்டோவுக்கும் உதவாது. குளோரின் கிடைக்கும்போது இது எதற்கு.

புற ஊதா விளக்குக் கருவி ஒரு லிட்டரை 90 நொடியில் முடித்துவிடும், மூன்று வகைக் கிருமிக்கும் ஆகும். ஆனால் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும், பேட்டரி இருக்க வேண்டும். குளிரில் பேட்டரி படுத்துவிடும். இதை மட்டும் நம்பி யாரையும் நான் அனுப்ப மாட்டேன்.

கையில் ஒன்றுமே இல்லாமல் மாட்டிக்கொண்டால் வெயில் இருக்கிறது. சாதாரணத் தண்ணீர் பாட்டிலில், இரண்டு லிட்டருக்கு மேற்படாமல், தெளிந்த நீரை நிரப்பிப் படுக்க வைத்து நல்ல வெயிலில் ஆறு மணி நேரம், மேகமூட்டம் என்றால் இரண்டு நாள். பனி மூடிய சிக்கமகளூர் மலையில் இது நடக்காது.

சரி, எதை எடுத்துப்போவது?

மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இரண்டு மூன்று பேராகப் போனால் நான் எடுத்துப்போவது 0.1 மைக்ரான் ஃபில்டரும் குளோரின் மாத்திரையும். முதலில் துணி, அப்புறம் ஃபில்டர், கடைசியில் மாத்திரை. ஃபில்டர் ஒட்டுண்ணிகளைப் பிடிக்கிறது, குளோரினால் முடியாத கிரிப்டோ உட்பட. குளோரின் வைரஸைக் கொல்கிறது, ஃபில்டரால் முடியாததை. ஃபில்டர் அழுக்கை எடுத்துவிடுவதால் குளோரினும் வீணாவதில்லை. காத்திருக்கும் அரை மணி நேரம் நடையிலேயே கழிந்துவிடும், அதனால் பழைய பாட்டிலில் கால் பாகம் இருக்கும்போதே அடுத்ததை நிரப்பிவிடுங்கள். தாகம் எடுத்த பிறகு நிரப்பினால் இருபதாவது நிமிடத்திலேயே மூடியைத் திறக்கத் தோன்றும்.

பத்துப் பேர் கொண்ட குழு என்றால் கணக்கு மாறும். ஆளுக்கு மூன்று லிட்டர், மொத்தம் 30 லிட்டர். கையால் பிழிகிற ஃபில்டரில் லிட்டருக்கு இரண்டு நிமிடம் என்றாலும் ஒரு மணி நேரம் ஒருவர் உட்கார்ந்து பிழிய வேண்டும். மரக்கிளையில் தொங்கவிட்டுத் தானாக இறங்கும் பை ஃபில்டரும், கீழே 20 லிட்டர் கேனும், அதற்கான மாத்திரையும் எடுத்துப்போங்கள். இரவுக்கும் காலைக்கும் கொதிக்க வைத்தது. சமையலுக்கு எடுப்பது எப்படியும் கொதிக்கப் போகிறது, அதைத் தனியாகச் சுத்தம் செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இமயமலையில் முகாம்களுக்கு மேலேயே கோவேறு கழுதைகளும் ஆட்டு மந்தைகளும் இருக்கும், பனியாற்று நீரில் பால் மாதிரி வண்டல் இருக்கும். அங்கே கொதிக்க வைப்பதுதான் முதல் வழி, பகலுக்கு மாத்திரை, ஃபில்டர் உறையாமல் பார்த்துக்கொள்ள முடிந்தால் மட்டும் ஃபில்டர்.

கர்ப்பிணிகள் கூட வந்தால் கொதிக்க வைத்ததைத் தவிர வேறு எதையும் கொடுக்காதீர்கள். ஹெபடைடிஸ் ஈ சாதாரணமாக வந்து போகிற காமாலை. ஆனால் கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் வந்தால் நான்கில் ஒருவர் வரை இறக்கக்கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

எது வாங்கினாலும் முதலில் வீட்டுச் சமையலறையில் இரண்டு முறை செய்து பாருங்கள். வாஷர் இல்லாமல் ஒழுகும் ஃபில்டரை இருட்டில், மழையில், டார்ச்சை வாயில் கவ்வியபடி கண்டுபிடிக்கக் கூடாது. பையில் ஒரு துண்டு சோப்பும் இருக்கட்டும். மலையில் வரும் பேதியில் பாதி தண்ணீரால் வருவதா கையால் வருவதா என்று யாராலும் சொல்ல முடியாது. மலம் கழிக்க ஓடையிலிருந்து 60 மீட்டராவது, பெரியவர்கள் எடுத்து வைக்கும் எண்பது தப்படியாவது, தள்ளிப் போய்க் குழி தோண்டுங்கள். நமக்குக் கீழேயும் யாரோ பாட்டிலை முக்கிக்கொண்டிருப்பார்கள்.

திரும்பி வந்த பிறகு

என் முதல் நடையை ஏற்பாடு செய்தவர் "மலைத் தண்ணி மினரல் வாட்டர் மாதிரி, பயப்படாதீங்க" என்றார். குடித்தோம், அருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்து பத்தாவது நாள் எனக்கும் இன்னொரு நண்பருக்கும் வயிறு உப்பி, அழுகிய முட்டை வாடையோடு ஏப்பம், நிற்காத பேதி. மூன்று வாரம் இட்லிக் கடையையும் ஹல்சூர் சந்தைத் தெருச் சாப்பாட்டையும் சந்தேகப்பட்டோம். மூன்றாவது மலப் பரிசோதனையில்தான் ஜியார்டியா என்று தெரிந்தது. அது தினமும் வெளியே வராது, ஒரு முறை பார்த்து இல்லை என்றால் இல்லை என்று ஆகாது. ஆறு கிலோ குறைந்த பிறகுதான் எனக்கு இந்த விஷயத்தில் இவ்வளவு அக்கறை வந்தது.

பேதி ஆரம்பித்தால் முதலில் உப்புச் சர்க்கரைக் கரைசல். பாக்கெட் இல்லை என்றால் ஒரு லிட்டர் சுத்தமான நீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும். மலத்தில் ரத்தம், விடாத காய்ச்சல், சிறுநீர் குறைவது என்றால் காத்திருக்க வேண்டாம். மலையிலிருந்து வந்து ஒன்றிரண்டு வாரத்தில் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்புமாகக் காய்ச்சல் வந்தால் எலிக்காய்ச்சலை நினையுங்கள். கண் மஞ்சள் இரண்டு மாதம் கழித்துக்கூட வரலாம். அதற்குள் அந்த ஓடையே நமக்கு மறந்துபோயிருக்கும், மருத்துவரும் வெளியூர் போனீர்களா என்று எப்போதும் கேட்பதில்லை, நாமேதான் சொல்ல வேண்டும்.

அதனால் ஒவ்வொரு நடையிலும் எடுத்த தண்ணீரைப் போனில் ஒரு வரி எழுதி வைக்கிறேன். தேதி, இடம், மேலே என்ன, எப்படிச் சுத்தம் செய்தோம். கக்கபேயில் அன்று எழுதியது இப்படி இருக்கிறது: "ஓடை வேண்டாம். லைன் வீட்டுக்கு மேற்கே பாறை ஊற்று. அக்கா காட்டியது. மேலே காடு மட்டும். துணி, ஃபில்டர், மாத்திரை. 4 லிட்டர்."